கவுன்சிலர் எதற்கு? ரிப்பன் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடுவே உங்கள் ஓட்டு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் மூன்று கேள்விகள். சென்னை மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது? கவுன்சிலருக்கும் மேயருக்கும் நிஜமாக என்ன அதிகாரம் இருக்கிறது? மேயரை ஏன் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை? கூடவே, "எம்.எல்.ஏ. இருக்கிறார், கமிஷனர் இருக்கிறார், நடுவில் இவர்கள் எதற்கு" என்றும் கேட்டிருந்தீர்கள். குடியிருப்போர் நலச் சங்க வேலையாக இருபது வருஷத்துக்கு மேல் மண்டல அலுவலகத்துக்கும் கவுன்சிலர் வீட்டுக்கும் நடந்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கவுன்சிலருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான். அதை ஒத்துக்கொண்டே தொடங்குகிறேன். ஆனால் கவுன்சிலரே இல்லாத சென்னை எப்படி இருக்கும் என்று நாம் இரண்டு முறை பார்த்துவிட்டோம். இரண்டாவது முறை நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும்.

2016 அக்டோபரில், கவுன்சிலர்கள் எல்லோரும் சேர்ந்த மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சில மாதம் தள்ளிப்போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வழக்கு, வார்டு மறுவரையறை, கால அவகாசம், மறுபடியும் வழக்கு என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. ஒரு மாமன்றத்தின் முழு ஆயுளைவிட அந்த இடைவெளி நீளம். அதற்குள் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்தது. 2019-ல் தண்ணீர்ப் பஞ்சம், 2020-ல் கொரோனா ஊரடங்கு, 2021 நவம்பரில் வெள்ளம். இத்தனையையும் 200 வார்டுகளில் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் இந்த நகரம் கடந்தது.

ஊரடங்கில் எங்கள் பக்கத்துத் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே எழுபது வயதைத் தாண்டிய தம்பதி. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. களத்தில் நின்ற துப்புரவுப் பணியாளர்களும் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "இந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன மருந்து வேண்டும்" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள, மறுநாள் நம்மிடம் பதில் சொல்ல, அடுத்த தேர்தலில் நம் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற பயம் உள்ள ஒரு ஆள் இல்லை. மாத்திரையைச் சங்கத்துப் பையன்கள் தகரத்துக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் கவுன்சிலர் என்ற பதவியின் மதிப்பு எனக்கு முழுசாகப் புரிந்தது.

முதல் முறை இதைவிட நீளமானது. 1973-ல் மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி மாமன்றத்தை மாநில அரசு கலைத்தது. தப்புச் செய்தவர்களைத் தண்டித்துவிட்டுத் தேர்தல் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் தனி அலுவலர் கையில் நகரத்தைக் கொடுத்தார்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தல் 1996-ல். இருபத்து மூன்று வருஷம்! ஒரு தலைமுறை, தன் வார்டு எண் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தது. 2022-ல் சென்னையில் ஓட்டுப் பதிவு 43 சதவீதத்தை ஒட்டியே நின்றது, மாநிலச் சராசரி 60-ஐத் தாண்டியபோது. நகரத்துக்காரர்கள் சோம்பேறிகள் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது வருஷத்தில் பாதிக்கு மேல் மாமன்றமே இல்லாமல் வைத்திருந்த ஊரில் அந்தப் பழக்கம் எப்படி வேரூன்றும்?

தேர்தலை இப்படித் தள்ளிப்போடச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஒரு மாமன்றத்தின் காலம் ஐந்து வருஷம்தான், அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அப்படியும் மும்பையில் 2022 மார்ச்சில் காலம் முடிந்த மாநகராட்சி மூன்று வருஷத்துக்கு மேல் கவுன்சிலர்கள் இல்லாமல் கிடந்தது. பெங்களூரில் 2020 செப்டம்பரில் முடிந்தது, ஐந்து வருஷம் கடந்தும் தேர்தல் வரவில்லை. ஆளும் கட்சி எதுவானாலும் இதில் ஒரே குணம்தான். ஆனால் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள்: 1995-லிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, 2020 கொரோனாவுக்கு நடுவில்கூட, தவறாமல் நடத்திவிட்டார்கள். மனசு இருந்தால் முடியும்.

இனி அதிகாரத்துக்கு வருகிறேன். சென்னை மாநகராட்சி நூறு வருஷத்துக்கு மேல் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தது. 1998-ல் எழுதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023-ல்தான். சட்டம் மாறினாலும் அமைப்பின் எலும்புக்கூடு பழையதுதான்: மாமன்றம் தீர்மானம் போடும், செயல்படுத்தும் அதிகாரம் ஆணையரிடம். ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மேயர் சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் அணிந்து கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். மறுநாள் காலை உதவிப் பொறியாளருக்கு உத்தரவு போவது ஆணையர் அலுவலகத்திலிருந்து. கொல்கத்தாவில் அப்படி இல்லை. அங்கே மேயரும் அவர் சேர்த்துக்கொள்ளும் உறுப்பினர்களும் ஒரு சிறு அமைச்சரவை மாதிரி. துறைகள் அவர்கள் பொறுப்பில். நம் ஊரில் வரிவிதிப்பு, பணிகள், நகரமைப்பு, கல்வி, சுகாதாரம் என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன, 15 மண்டலக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் தலைவர்கள் கோப்பைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஒப்பந்தப்புள்ளிக்கு ஒப்புதல் தரலாம். துறையை நடத்த முடியாது.

அடுத்த சிக்கல், மக்கள் கவுன்சிலரிடம் கொண்டுவரும் புகாரில் பாதி அவர் கையில் இல்லாதது. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978-லிருந்து தனி வாரியத்திடம். கட்டடத் திட்டத்தின் பெரிய முடிவுகள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். பஸ், கரண்ட், போலீஸ் எல்லாமே மாநில அரசு. மாநகராட்சிக்கு மிஞ்சுவது உள்சாலை, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கொசு ஒழிப்பு, பிறப்பு-இறப்புச் சான்றிதழ், சொத்து வரி. குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது எது என்று எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்தான் வரும்.

சொத்து வரியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாநில அரசு இருக்கும் கோட்டைக்கும் மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகைக்கும் உள்ள உறவு அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. 2022 மார்ச் 4-ஆம் தேதி புதிய மேயர் பொறுப்பேற்றார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ஆம் தேதி மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 150 சதவீதம். மாமன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது பிறகு. பல வருஷம் தொடாத வரி, உயர்த்தத்தான் வேண்டியிருந்தது. மத்திய நிதிக்குழுவின் நிபந்தனையும் இருந்தது. என் வருத்தம் வேறு. பத்து வருஷத்துக்குப் பிறகு ஓட்டுப் போட்டு 200 பேரை அனுப்பியிருக்கிறோம். எவ்வளவு உயர்த்துவது, கூடுதலாக வரும் பணத்தில் எந்த மண்டலத்துக்கு என்ன செய்வது என்று அவர்கள் முதலில் பேசியிருக்க வேண்டும். முடிவு கோட்டையில், கையெழுத்து ரிப்பன் மாளிகையில் என்றால், வரி கட்டுகிறவன் யாரிடம் கணக்குக் கேட்பான்?

இந்த மாநகராட்சி பிறந்ததே அந்தக் கேள்வியில்தான். 1688 செப்டம்பர் 29-ல் இதே புனித ஜார்ஜ் கோட்டையில் அது தொடங்கியது; இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஊர் வேலைகளுக்கு வரி வேண்டும், மக்களோ தர மறுத்தார்கள். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு ஒரு யோசனை சொன்னார்: ஊர்க்காரர்களையே மன்றத்தில் உட்கார வைத்தால், அவர்களே போடும் வரியை மக்கள் மனமுவந்து கட்டுவார்கள். அப்படித்தான் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியர், யூத வணிகர், இந்துக்கள் என்று கலந்த மன்றம் அமைந்தது. கம்பெனியின் நோக்கம் லாபம்தான். ஆனாலும் வரியும் பிரதிநிதித்துவமும் பிரியக்கூடாது என்ற உண்மை அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குத் தலைமைச் செயலகம் இருப்பது அதே கோட்டையில். அங்கிருந்து ரிப்பன் மாளிகை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான்.

மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்டீர்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாடு ஊஞ்சலாடிய அளவுக்கு வேறு யாரும் ஆடியிருப்பார்களா என்று தெரியவில்லை. 1996-லும் 2001-லும் நேரடித் தேர்தல், இரண்டிலும் மு.க. ஸ்டாலின் வென்றார். 2002-ல் ஒருவரே மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது, அவர் மேயர் பதவியை விட வேண்டியதாயிற்று. 2006-ல் மறைமுகம், மா. சுப்பிரமணியனைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி. 2016-ல் மறைமுகம் என்று சட்டம் திருத்தி, பிறகு நேரடி என்று மாற்றி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். எது நகரத்துக்கு நல்லது என்ற விவாதம் எந்தத் திருத்தத்திலும் பெரிதாக நடக்கவில்லை. அன்றைக்கு எது ஆளும் கட்சிக்கு வசதி என்பதே அளவுகோலாக இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. 2022-ல் அறுபது லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருந்த நகரத்தில் நேரடியாக ஜெயித்த மேயர், எந்த அமைச்சரைவிடவும் பெரிய மக்கள் ஆதரவோடு வருகிறார். 1959-ல் தி.மு.க. 100 இடங்களில் 45-ஐப் பிடித்து அ.பொ. அரசுவை மேயராக்கியது, எட்டு வருஷத்தில் கோட்டையைப் பிடித்தது. ரிப்பன் மாளிகையிலிருந்து கோட்டைக்கு வழி உண்டு என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும். அதனால்தான் உள்ளே இருப்பவர்கள் அந்தக் கதவை அகலமாகத் திறப்பதில்லை. நேரடி மேயர் வேண்டும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. கையெழுத்து அதிகாரம் இல்லாத மேயரை நீங்கள் நேராகத் தேர்ந்தெடுத்தாலும், கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாலும், கோப்பு ஆணையர் மேசையில்தான் நிற்கும். முதலில் அதிகாரம் வரட்டும். மறைமுகத் தேர்தலில் உள்ள ஆபத்தும் கண்முன்னே இருக்கிறது. மேயரின் நாற்காலி மக்களைவிடக் கட்சித் தலைமையையும் உள்கட்சிக் கோஷ்டியையும் நம்பி நிற்கிறது. 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். ஓட்டுப் போட்ட மக்களுக்கு யாரும் காரணத்தை விளக்கிச் சொல்லவில்லை.

இவ்வளவு குறையிலும் 2022 ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. 200 வார்டுகளில் சரிபாதி பெண்களுக்கு. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, வட சென்னையிலிருந்து வந்த ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். முன்னூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்த மாநகராட்சியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். ஒதுக்கீடு இல்லாமல் இது நடந்திருக்காது. பல வார்டுகளில் கணவர்தான் கவுன்சிலர் மாதிரி சுற்றுகிறார் என்ற குறை உண்மை. ஆனால் முதல் வருஷம் கணவர் பின்னால் நின்ற பெண்கள், மூன்றாவது வருஷம் மண்டலக் கூட்டத்தில் எழுந்து நின்று வடிகால் எத்தனை மீட்டர் பாக்கி என்று பொறியாளரை மடக்கிக் கேட்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஊழலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். வீடு கட்ட மணல் இறங்கினால் ஆள் வந்து நிற்பது, போர்வெல் போட்டால் "கவனிக்க" வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். எல்லோரும் அப்படியில்லை, ஆனாலும் இருக்கிறது. தேர்தலுக்குக் கொட்டும் பணத்தையும், 2023 வரை கவுன்சிலருக்கு மாதச் சம்பளம் என்று எதுவுமே இல்லாததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000. முழு நாள் வேலைக்கு இது போதாது. நேர்மையான, சொந்தச் சொத்து இல்லாத ஒருவர் இந்தப் பதவிக்கு வர வேண்டும் என்றால் அவர் குடும்பம் சாப்பிட வழி வேண்டும். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு, நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். ஏழு மணி. எங்கள் பகுதியில் முன்பு இருந்த ஒரு கவுன்சிலரின் வீட்டுத் திண்ணை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு ஒரு பெரியவர், விரல் ரேகை விழவில்லை என்று ரேஷன் கடையில் திருப்பி அனுப்பிய ஒரு அக்கா, லாரித் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை என்று இரண்டு பெண்கள். இதில் ஒன்றுகூட மாநகராட்சி வேலை இல்லை. அவர் ஒருவரையும் "இது என் வேலை இல்லை" என்று அனுப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று சொல்லி, போனைப் போட்டு, "பெரியவரு வர்றாரு, கொஞ்சம் பாருங்க சார்" என்றார். கடைசியாக ஒரு தம்பி வந்து தெருவிளக்கு எரியவில்லை என்றான். "கம்பத்து நம்பர் என்ன?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. "பார்த்துட்டு வாப்பா, நம்பர் இல்லாம சொன்னா லைன்மேன் தெருவைச் சுத்திட்டுப் போயிடுவான்." அவன் ஓடிப்போய்ப் பார்த்துவந்தான். அன்று இரவு விளக்கு எரிந்தது. சட்டப் புத்தகத்தில் இந்த வேலைக்குப் பெயர் இல்லை. ஆணையரோ எம்.எல்.ஏ.வோ இதைச் செய்ய முடியாது. ஒரு எம்.எல்.ஏ. தொகுதிக்குள் பல வார்டுகள் இருக்கின்றன.

திண்ணையோடு நின்றுவிடக் கூடாது என்பதும் என் கருத்து. தனிப்பட்ட உதவியாக வருவது, ஓட்டுப் போடாதவனுக்கு வராமலும் போகலாம். அதனால் நான் பெரிதாக நம்புவது பகுதி சபாவை. 74-ஆவது திருத்தம் கேட்டதற்கு முப்பது வருஷம் கழித்து, 2022-ல்தான் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கவுன்சிலர் தலைமையில் பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் மக்கள் முன் உட்கார வேண்டும். எங்கள் பகுதியில் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர், அதில் பாதி கட்சிக்காரர்கள். இருந்தாலும் வடிகால் வேலை பாதியில் நின்ற காரணத்தை உதவிப் பொறியாளர் வாயால் சொல்ல வைத்து, தேதியோடு பதிவேட்டில் எழுத வைத்தோம். கிராம சபையில் ஊர்க்காரர்களுக்கு எப்போதோ கிடைத்த உரிமை நகரத்துக்காரர்களுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கூட்டம் எப்போது, எந்தச் சமுதாயக் கூடத்தில் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள்.

மாமன்றக் கூட்டத்திலும் கவனம் வையுங்கள். 2022-ல் தி.மு.க. தனியாகவே 153 இடங்களில் ஜெயித்தது, அ.தி.மு.க.வுக்கு 15. இப்படிப்பட்ட மன்றத்தில் எதிர்க்குரல் மெலிந்துதான் ஒலிக்கும். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்த் தீர்மானங்கள் வரிசையாக வாசிக்கப்பட்டு, மேசை தட்டலோடு நிறைவேறிவிடும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குத் தந்ததை எதிர்த்துத் துப்புரவுப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். கோட்டைக்குப் போகவில்லை. தங்கள் பிழைப்பு அந்தக் கட்டடத்தில் முடிவாகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வார்டு கவுன்சிலர் கேள்வி நேரத்தில் கடைசியாக என்ன கேட்டார், நிலைக்குழுவில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது கட்சிச் சின்னத்தைப் பற்றிப் பேசுவார். நீங்கள் உங்கள் தெரு வடிகால் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்தவருக்கு, எந்தக் கட்சியானாலும், ஒரு படி கூடுதலாக மதிப்புக் கொடுங்கள்.

இப்போதுள்ள மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். வார்டு எல்லை, ஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் வரத் தொடங்கினால், 2016-ல் இருந்ததுபோல நாம் சும்மா இருக்கக்கூடாது; எங்கள் சங்கம் இப்போதே மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குக் கடிதம் எழுதத் தயாராகிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது அந்த ஆணையம், டெல்லியில் உள்ள இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை. உங்கள் வார்டு எதுவென்று தெரியவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மண்டலம், வார்டு, பில் எண் என்ற வரிசையில் இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ரசீதைக் கேளுங்கள், இல்லையென்றால் 1913-க்குப் போன் செய்து தெருப் பெயரைச் சொல்லுங்கள்.